கட்டிலருகே வந்து அமர்பவரின் வேலை என்ன? வேலூரில் மேய்ப்புப் பணியும் பண்பாட்டு வேற்றுமையும்

வேலூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ மருத்துவமனைகளில், மருத்துவரும் செவிலியரும் அல்லாத ஒருவர் நோயாளியின் கட்டிலருகே வந்து நின்று நலம் விசாரிப்பதுண்டு. அவரைச் சாப்ளின் என்பார்கள். ஆயர், பாஸ்டர், ஃபாதர், கவுன்சிலர் என்று அழைப்பவர்களும் உண்டு. அவர் ஜெபிக்க வந்தாரா, புத்தி சொல்ல வந்தாரா, மதம் மாற்ற வந்தாரா என்ற ஐயம், கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்த குடும்பத்துக்கும் எழுகிறது, குடியாத்தத்திலிருந்து பேருந்தில் வந்த குடும்பத்துக்கும் எழுகிறது. அந்தப் பணி எது, அது எங்கே உருவானது, மொழியும் மதமும் சாதியும் வேறான ஒருவரிடம் போகும்போது அது எங்கெங்கே தடுமாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மூன்று வேலைகள், ஒரே ஆள்

குழப்பத்துக்கு முதல் காரணம், மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரால் குறிப்பதுதான்.

1. மேய்ப்புப் பணி. நோயிலும் சாவிலும் குடும்பச் சண்டையிலும் தன் மக்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும் திருச்சபைப் பணி முழுவதற்கும் இது பொதுப் பெயர். வில்லியம் கிளெப்ஷ், சார்லஸ் ஜேக்கிள் என்ற இரு அமெரிக்கர்கள் 1964இல் இதைக் குணமாக்குதல், தாங்கிப்பிடித்தல், வழிகாட்டுதல், ஒப்புரவாக்குதல் என நான்காக வகுத்தனர். துக்க வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும்.

2. ஆற்றுப்படுத்தல். கவுன்சிலிங் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இருவரும் ஒப்புக்கொண்ட நேரத்தில், ஒப்புக்கொண்ட சிக்கலைப் பற்றி, முறையாகப் பயின்ற ஒருவர் கேட்டுப் பேசித் தெளிவு காண உதவுவது.

3. மனநல சிகிச்சை. இதைச் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோர் அவ்வரையறைக்குள் வருகிறார்கள். ஆயர் என்ற தகுதியால் மட்டும் ஒருவர் அதற்குள் வர முடியாது.

நல்ல சாப்ளின் முதல் இரண்டையும் செய்கிறார். மூன்றாவது தேவைப்படும் இடத்தை அடையாளம் கண்டு நோயாளியை அங்கே அனுப்புகிறார். இந்த எல்லை மங்கும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

முறை பிறந்த இடமும் அதன் அனுமானங்களும்

மருத்துவமனைச் சாப்ளின்கள் இன்று பெறும் பயிற்சிக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920இல் கடுமையான மனச்சிதைவுக்கு ஆளாகி மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். தேறி வெளியே வந்த அவர், 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். நூல்களைப் படிப்பதைப் போலவே துன்பப்படும் மனிதரையும் உயிருள்ள ஆவணமாக எண்ணிப் பொறுமையுடன் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1940களிலிருந்து உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் முறை இதனோடு சேர்ந்தது. புத்தி சொல்லாதே, தீர்ப்பளிக்காதே, ஒத்துணர்வோடு கேள் என்பதே அதன் சாரம். இவ்விரண்டும் கலந்த பயிற்சி உலகெங்கும் பரவி வேலூருக்கும் வந்தது.

வந்தபோது, வெளியே சொல்லப்படாத நான்கு அனுமானங்களும் கூடவே வந்தன:

1. துன்பப்படுபவர் தனி மனிதர், முடிவெடுப்பவரும் அவரே.
2. மனத்திலுள்ளதை வாய்விட்டுச் சொல்வதே ஆறுதலுக்கு வழி.
3. ஆற்றுப்படுத்துபவர் வழிகாட்டி அல்லர்; துணைக்கு இருந்து கேட்பவர் மட்டுமே.
4. சொல்லப்பட்டது அந்த அறைக்குள்ளேயே இருக்கவேண்டும், குடும்பத்துக்கும் போகக்கூடாது.

இவை தவறான அனுமானங்கள் அல்ல. ஆனால் குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் வாழ்க்கையிலிருந்து எழுந்தவை. மூன்றாவதை எடுத்துக்கொள்வோம். ஆயர் ஐயா நம்மைவிடப் படித்தவர், வயதில் மூத்தவர், ஆண்டவருடைய ஊழியர் என்ற மரியாதையோடு ஒருவர் வந்து, "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்கிறார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேள்வியைத் திருப்பினால், ஐயாவுக்கு விஷயம் தெரியவில்லை அல்லது நம்மேல் அக்கறை இல்லை என்றுதான் அவர் எண்ணுவார். மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி, இந்தியாவில் சிகிச்சை உறவுக்குக் குரு சீடர் உறவு பொருத்தமான மாதிரியாகலாம் என்று 1973இலேயே எழுதினார். குருவுக்குள்ள அதிகாரத்தை மறுக்காமல் ஏற்று, அதைச் சீடன் தன் காலில் நிற்கும்வரை மட்டும் பயன்படுத்துவது நம் சூழலில் நேர்மையான வழியாகவே தோன்றுகிறது. அதிகாரம் இல்லாதவரைப் போல நடிப்பவரைவிட, அது தம்மிடம் இருப்பதை அறிந்து அளந்து செலவிடுபவரால் தீங்கு குறைவு.

வேலூருக்கு வருபவர்கள்

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளும் உணவகப் பலகைகளும் வங்காள எழுத்தில் தொங்குகின்றன. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுபவர்களும், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசும் இஸ்லாமியக் குடும்பங்களும், ஜவ்வாது மலையிலிருந்து மலையாளி என்று பெயர்பெற்ற பழங்குடியினரும் வருகிறார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் மொழிதான் பெரிய தடை என்று தோன்றும். மொழி கண்ணுக்குத் தெரியும் தடை. தெரிவதாலேயே அதற்கு ஏற்பாடு செய்துவிட முடிகிறது.

மொழிபெயர்ப்பவர் பற்றிய விதிகள் சிலவே, ஆனால் கண்டிப்பானவை. பிள்ளைகளை வைத்துப் பெற்றோரின் நோயைப் பேசக்கூடாது. பெண்ணின் உடல் பற்றியோ மணவாழ்க்கை பற்றியோ பேசும்போது கணவரோ மாமியாரோ மொழிபெயர்க்கக்கூடாது. விடுதித் தரகர் எவ்வளவு நன்றாக இந்தி பேசினாலும் அவரைச் சேர்க்கக்கூடாது. பேசுபவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசவேண்டும். உறவினர் மொழிபெயர்க்கும்போது கெட்ட செய்தி வழியிலேயே இளைத்துவிடும் என்பதை எப்போதும் நினைவில் வைக்கவேண்டும்.

நோயாளி ஒருவரா, குடும்பமா?

மொழியைவிட ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மேற்கத்திய மருத்துவ நெறியில், நோய் பற்றிய உண்மை நோயாளிக்கே உரியது. நம் வார்டுகளிலோ மகன் வராந்தாவில் மருத்துவரை மறித்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்" என்கிறார். பெரும்பாலும் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் வாய் திறக்காமல் இருப்பார். இருபுறமும் அன்பினால் எழுப்பப்பட்ட இந்த மௌனத்துக்கு நடுவே சாப்ளின் போய் நிற்கிறார்.

உரிமை என்ற பெயரில் அதை ஒரே அடியில் உடைப்பவர் உண்டு. பண்பாடு என்ற பெயரில் மகன் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு தப்பித்துக்கொள்பவரும் உண்டு. இரண்டுமே சோம்பல்தான். கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000ஆம் ஆண்டில் வெளியான ஆறு படி முறையில் ஒரு படி இங்கே உதவுகிறது. உண்மையைச் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பதுதான் அது. நம் சூழலில் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: "எல்லா விவரத்தையும் உங்களிடம் சொல்லட்டுமா, வீட்டில் யாரிடமாவது சொல்லட்டுமா?" மகனிடம் சொல்லுங்கள் என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவே. இப்படிக் கேட்கும்போது தனிமனித உரிமையும் குடும்ப மரியாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பதில் வேலூருக்குத் தனி வரலாறு உண்டு. பாகாயத்திலுள்ள மனநல மையம் 1950களின் பிற்பகுதியில் தொடங்கியதிலிருந்தே, நோயாளியோடு உறவினரும் தங்கும் முறை அங்கே வளர்ந்தது. அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யா சாகர் இதே காலத்தில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். மேற்கு நாடுகளின் மனநல மருத்துவமனைகள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனாலும் குடும்பம் எப்போதும் அடைக்கலம் அல்ல. கணவன் அடித்ததால் கை முறிந்த பெண்ணிடம், கணவனையும் பக்கத்தில் உட்காரவைத்து "ஒற்றுமையாக இருங்கள்" என்று ஜெபிப்பது ஒப்புரவாக்குதல் ஆகாது. அங்கே தனியறையும், சொன்னது குடும்பத்துக்கும் போகக்கூடாது என்ற நான்காவது அனுமானமும் கட்டாயம் தேவை. மேற்கிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு நெறியைக் கழித்துவிடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும்.

நோய்க்குக் காரணம் எது?

நோய் ஏன் வந்தது என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கம் இருக்கிறது. செய்வினை, காத்துக் கருப்பு, குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட நேர்த்திக்கடன், சனி திசை, கர்மவினை, பாவத்தின் தண்டனை, உடம்புச் சூடு என்று அது பலவிதம். மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் இவற்றை விளக்க மாதிரிகள் என்று அழைத்து, 1978இல் எளிய கேள்விகள் எட்டினை முன்வைத்தார். இதற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இதில் எதற்கு மிகவும் பயப்படுகிறீர்கள் என்பவை அவற்றுள் சில. வேலூர் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்ட குழுவினர் 1998இல் இதைச் சுருக்கமான நேர்காணல் வடிவமாக்கினர்.

இதில் கிறிஸ்தவப் போதகர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தியாவில் பணியாற்றிய மானிடவியலாளர் பால் ஹீபர்ட் 1982இல் அதைச் சுட்டிக்காட்டினார். மேற்கத்தியக் கல்வி பெற்றவருக்கு உலகம் இரண்டு தட்டு: மேலே கடவுள், கீழே அறிவியல். கிராமத்தாருக்கோ இடையில் ஒரு தட்டு உண்டு. பேய், கண்ணேறு, சூனியம், முன்னோர் ஆகியவை அங்கே வாழ்கின்றன. இறையியல் கல்லூரியில் படித்த ஆயர் அந்த நடுத் தட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால், மக்கள் அதற்காக வேறொருவரிடம் போகிறார்கள். ஞாயிறு காலையில் ஆராதனைக்கு வந்தவர், மறுநாள் மந்திரிக்கும் இடத்திலோ, பேய் விரட்டும் சுயாதீன ஊழியரிடமோ, தர்காவிலோ இருப்பதற்குப் பக்திக்குறைவு காரணமல்ல. அவருடைய பயத்துக்கு அங்கேதான் செவி கிடைக்கிறது.

அதற்காகச் செய்வினையை ஆயரும் நம்பவேண்டும் என்பதில்லை. மேய்ப்புப் பணி ஆய்வாளர் டேவிட் ஆக்ஸ்பர்கர் 1986இல் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். பிறர் துயரம் கண்டு தன் மனம் இளகுவது ஒன்று. தன்னைப் போன்ற ஒருவரின் உணர்வைத் தனதாக்கிப் பார்ப்பது இன்னொன்று. தான் ஏற்காத நம்பிக்கையுள்ள ஒருவரின் உலகத்துக்குள், அவருடைய அனுமானங்களையே சிறிது நேரம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பது மூன்றாவது. மூன்றாவதற்கு மனமுயற்சி வேண்டும். ஏனென்றால் தன் நம்பிக்கையைக் கைவிடாமலேயே அதை ஓரமாக வைக்கத் தெரியவேண்டும்.

இந்தத் திறந்த மனத்துக்கு எல்லை உண்டு. தமிழ்நாட்டில் மனநோயாளிகள் தங்கிய ஒரு கோயிலில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அங்கே தங்கிய 31 பேரிடம் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்திருந்தன. வன்முறையில்லாத, குடும்பத்தோடு தங்கக்கூடிய வழிபாட்டிடம் நலம் தரக்கூடும் என்பதற்கு இது சான்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். நம்பிக்கையை மதிப்பது சங்கிலியை மதிப்பதாகிவிடக்கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்வது, பட்டினி போடுவது, அடிப்பது ஆகியவை எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் அங்கே கேட்பதை நிறுத்திவிட்டுத் தடுக்கவேண்டும்.

ஒரே மொழிக்குள் இருக்கும் தூரம்

பண்பாட்டு வேற்றுமை என்றதும் வங்காளியையும் இஸ்லாமியரையும் நினைப்பதே நம் பழக்கம். ஆனால் வட ஆற்காட்டில் ஆற்றுப்படுத்தல் தோற்கும் இடங்கள் பல தமிழருக்கும் தமிழருக்கும் இடையில், அதுவும் ஒரே திருச்சபைக்குள் இருக்கின்றன. அந்நியரிடம் போகும்போது எச்சரிக்கையாக இருக்கிறோம். நம்மவர் என்று நினைத்தவரிடம் கேள்வியே கேட்பதில்லை.

சாதி இதில் முதன்மையானது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகளில் ஒடுக்கப்பட்ட மக்களே பெருந்தொகையினர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவரானவருக்கு அத்தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். ஆகவே பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் உண்டு. கல்லூரி இடமும் அரசு வேலையும் அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவரிடம், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "நீங்கள் என்ன மதம்?" என்று தொடங்கும் சாப்ளின், தம்மை அறியாமலே அவர் வாயை அடைத்துவிடுகிறார். "பொய் சொல்லி வாழ்கிறோமே" என்ற குற்ற உணர்வு அவருக்கு இருக்கலாம்; அதைத் தனி மனிதரின் பாவமாக மட்டும் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது, இப்படியொரு தேர்வுக்கு அவரைத் தள்ளிய சட்டத்தையும் சமூகத்தையும் கண்டுகொள்ளாமல் விடுவதாகும்.

அடுத்தது தற்கொலை. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில், ஓராண்டில் லட்சம் பெண்களுக்கு 148 பேரும் லட்சம் ஆண்களுக்கு 58 பேரும் தற்கொலை செய்துகொண்டிருந்தனர். அதே வட்டாரத்தில் தற்கொலையால் இறந்த 100 பேரைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு, அவர்களில் 37 பேருக்கு மட்டுமே மனநோய் இருந்ததாகக் கண்டது. விடாத நெருக்கடி, நாட்பட்ட வலி, தனியாக வாழ்தல், நெருங்கிய உறவு முறிதல் ஆகியவை ஆபத்துக் காரணிகளாகத் தெரிந்தன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பெறப்படுகின்றன. மனச்சோர்வைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுப்பது தேவைதான், போதாது. கடன், குடி, படிப்பு நிறுத்தம், காதலுக்குத் தடை ஆகியவற்றில் சிக்கிய பெண்ணுக்கு, வீட்டாரிடம் அவள் பக்கம் நின்று பேசக்கூடிய ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் ஆயருக்கோ ஆயரம்மாவுக்கோ உள்ள செல்வாக்கு மருத்துவருக்குக்கூட இல்லை. இரண்டாவது, அந்தச் செல்வாக்கே ஆபத்தாகவும் முடியும். தற்கொலை மன்னிக்கப்படாத பாவம் என்று பிரசங்கித்தவரிடம், சாக நினைக்கும் பெண் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சாதி மாறிக் காதலித்ததே அவள் சிக்கல் என்றால், பெற்றோரின் மானத்தைப் பற்றி ஆயர் முன்பு என்ன பேசினார் என்பதை அவள் நன்றாக நினைவில் வைத்திருப்பாள்.

ஜெபமும் மதமாற்ற ஐயமும்

தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐயம் விலகவில்லை. அதை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. படுத்திருப்பவருக்கும் நின்றிருப்பவருக்கும் இடையிலுள்ள சமமின்மையே அதன் ஊற்று. "ஜெபிக்கலாமா?" என்று கேட்டால், மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்ற பயத்தில் பலர் தலையாட்டுவார்கள். ஆகவே இசைவு கேட்பதற்கு முன்பே மூன்று செய்திகளைச் சொல்லிவிடவேண்டும்: தாம் யார், வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது, அவருடைய மத வழக்கப்படி வழிபட ஏற்பாடு வேண்டுமானால் உதவமுடியும்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லா மதத்தாரும் போகும் மாநிலம் இது. "எந்தச் சாமியா இருந்தா என்ன, எனக்காக வேண்டிக்கோங்க" என்று ஓர் இந்துத் தாய் கேட்பது அவருடைய பக்தியின் இயல்பு. அதை மனமாற்றத்தின் அறிகுறியாக எண்ணி மறுநாள் துண்டுப்பிரதியோடு வருபவர், அவர் கேட்ட உதவியை வேறொன்றாகத் திரித்துவிடுகிறார்.

இரகசியமும் சட்டமும்

ஆயரிடம் சொன்னது வெளியே போகாது என்பது மக்களின் நம்பிக்கை. சட்டம் அவ்வளவு தூரம் வருவதில்லை.

1. இந்தியச் சாட்சியச் சட்டம், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குத் தந்த பாதுகாப்பைப் போதகரிடம் சொன்னதற்குத் தரவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் அப்படியே.

2. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அப்படியொரு குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்கவேண்டும். ஆயருக்கு அதில் விலக்கு இல்லை. "சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்பது குற்றம்.

3. தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. போலீஸ் வழக்குக்குப் பயந்து பிள்ளை விஷம் குடித்ததை மறைக்கும் குடும்பத்துக்கு இச்செய்தி முதலில் போய்ச் சேரவேண்டும். ஆயர் இல்லாத நேரத்தில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இவற்றில் முதல் இரண்டையும் பேச்சு தொடங்கும் முன்பே எளிய தமிழில் சொல்லிவிடுவது சாப்ளினின் கடமை. "நீங்கள் சொல்வதை நான் வெளியே சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ உரியவர்களிடம் சொல்லியாகவேண்டும்" என்ற இரண்டு வரி போதும். கேட்டபின் சிலர் பேசாமல் போய்விடலாம். பேசுபவர் எதை நம்பிப் பேசுகிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.